பிள்ளைக்கு முதல் வாகனமாகப் பழைய பிக்கப்: வன்னியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2010 இல் ஊருக்குத் திரும்பி வந்து தறப்பாளுக்குக் கீழே கராச் தொடங்கியவன் நான். பரந்தனிலிருந்து அதிக தூரமில்லை. கொஞ்சக் காலமாக ஒரே கேள்வியோடு நிறையப் பேர் வருகிறார்கள். பிள்ளை ஏ.எல் (உயர்தரப் பரீட்சை) எழுதிவிட்டு நிற்கிறான், வயலையும் பார்க்கிறான், மோட்டார் சைக்கிளில் அனுப்பினால் திரும்பி வரும்வரை வயிறு பற்றி எரிகிறது, ஒரு பழைய பிக்கப் எடுத்துக் கொடுத்தால் என்ன? சிலர் அதைக் கப் என்பார்கள். நான் பிக்கப் என்றே எழுதுகிறேன்.

வந்தவர்களுக்குச் சொன்னவற்றை இங்கே சேர்த்திருக்கிறேன். எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது ஒன்றுதான்: எங்கள் ஊரில் வாகனம் ஒரு வீட்டில் நிற்கும், ஓடுவது ஊர் முழுக்க. பிள்ளைக்கென்று நீங்கள் வாங்கும் பிக்கப்பில் மாமாவின் நெல்லும் ஏறும், பக்கத்து வீட்டு ஆச்சியும் ஆஸ்பத்திரிக்கு ஏறுவார். அதை மனதில் வைத்துத்தான் வண்டியைப் பார்க்க வேண்டும்.

மோட்டார் சைக்கிளைவிடப் பிக்கப் பாதுகாப்பானதா?

விழுந்தால் உடம்பு நேரே தாரில் தேயாது என்ற அளவில் ஆம். ஆனால் பிக்கப்புக்கென்று ஒரு குணம் இருக்கிறது. முன்பக்கம் எஞ்சின் பாரம், பின்பக்கம் வெறும் பெட்டி. சுமையில்லாமல் ஓடும்போது பின்சில்லுகளில் பாரமே இருக்காது. ஈரத் தாரிலும் கிரவல் ரோட்டிலும் திடீரென்று பிறேக் அடித்தால் பின்பக்கம் முன்னுக்கு வரப் பார்க்கும். சுமை ஏற்றினால் அதே வண்டி வேறு வண்டியாகிவிடும்: நிற்க நேரமெடுக்கும், வளைவில் சரியும். ஒரே பிள்ளை ஒரே நாளில் இரண்டு குணமுள்ள வண்டி ஓடுகிறான் என்று நினையுங்கள்.

வீட்டில் அதற்கு வேலை இருந்தால், அதாவது வயல், பால், மரக்கறி, மீன் என்று ஏதாவது இருந்தால், வாங்குங்கள். ஊர் சுற்ற மட்டும் என்றால் சின்னக் கார் ஒன்று பாருங்கள்.

எத்தனை வயதில் ஓடலாம்?

லைசென்ஸ் கிடைக்க 18 வயது நிறைய வேண்டும். அதற்கு முன் தேசிய போக்குவரத்து மருத்துவ நிறுவகத்தின் மருத்துவச் சான்றிதழ், எழுத்துப் பரீட்சை, பிறகு எல் பலகை போட்டுப் பழகும் காலம், கடைசியில் ஓட்டப் பரீட்சை. "வயலுக்குள்ளதானே ஓடுறான்" என்று பதினாறு வயதுப் பிள்ளையிடம் திறப்பைக் கொடுக்கும் அப்பாமாரிடம் ஒன்று கேட்கிறேன். வயலிலிருந்து வீட்டுக்கு வரும் வழி ரோட்டில்தானே ஏறுகிறது? லைசென்ஸ் இல்லாதவர் ஓடி விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரர் கை கழுவிவிடுவார். அதற்குப் பிறகு காணி விற்றுக் கட்டின குடும்பங்களை நான் அறிவேன்.

சிங்கிள் கப்பா, டபுள் கப்பா?

சிங்கிளில் இருக்கை ஒரு வரிசை, டபுளில் இரண்டு வரிசை. எல்லோரும் இதைக் காசுக் கேள்வியாகக் கேட்கிறார்கள். நான் இதை ஆள் கணக்காகப் பார்க்கிறேன்.

வைகாசியில் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல் வருகிறது. உங்கள் வீட்டில் சிங்கிள் கப் நிற்கிறது. முன்னுக்கு மூன்று பேர் இருக்கலாம். சித்தி வருவா, சித்தியின் பிள்ளைகள் வருவினம், அயலில் நாலு பேர் "தம்பி, எங்களையும் ஏத்திக்கொண்டு போ" என்பார்கள். பத்தொன்பது வயதுப் பெடியன் எப்படி மாட்டேன் என்பான்? எங்கள் வளர்ப்பில் அது வராது. பின்பெட்டியில் பதினைந்து பேர் ஏறுவார்கள், பாதிப் பேர் எழுந்து நிற்பார்கள். நிற்பவர்களின் பாரமெல்லாம் மேலே இருக்கும். ஒரு பள்ளத்தில் சில்லு இறங்கினாலும் ஒரு நாய் குறுக்கே ஓடினாலும் போதும்.

ஆகவே குடும்பத்தை ஏற்றுவது நிச்சயம் என்றால், கடன் படாமல் முடியுமானால், டபுள் கப் எடுங்கள். அதில் ஐந்து பேருக்கு இருக்கை இருக்கும். முடியாவிட்டால் சிங்கிள் கப் எடுங்கள், ஆனால் ஒரு நிபந்தனையோடு: பின்பெட்டியில் ஆள் ஏறாது. இதைப் பிள்ளை சொல்லக் கூடாது. வண்டி வீட்டுக்கு வந்த அன்றைக்கே, சொந்தக்காரர் எல்லாரும் பார்க்க வந்து நிற்கும்போது, அப்பாவோ அம்மாவோ பெரியப்பாவோ வாய் திறந்து சொல்ல வேண்டும். "பின்னுக்கு ஆள் ஏத்தினால் நான் திறப்பை வாங்கிப்போடுவன்" என்று பெரியவர் ஒருவர் சொல்லிவிட்டால், பிறகு பிள்ளைக்குச் சொல்ல ஒரு காரணம் கிடைக்கிறது: "அப்பா பேசுவார் சித்தி." அந்த ஒரு வசனம் அவனுக்கு வேண்டும். வாங்கிக் கொடுக்கும் நீங்கள் அதையும் சேர்த்துக் கொடுங்கள்.

இன்னொன்று. சிங்கிள் கப்பை வெட்டி ஒட்டிப் பின்னிருக்கை வைத்த வண்டிகள் சந்தையில் நிற்கின்றன. பார்க்க டபுள் கப் மாதிரியே இருக்கும். பதிவுப் புத்தகத்தில் இருக்கை எத்தனை என்று பாருங்கள். அங்கே மூன்று என்றும் உள்ளே ஐந்து என்றும் இருந்தால் அந்தப் பின்னிருக்கையைப் பிடித்திருப்பது ஒரு வெல்டர் போட்ட நாலு பொட்டு வெல்டிங் மட்டும்தான்.

எந்த எஞ்சின், எந்த மொடல்?

பழகும் பிள்ளைக்கு மெதுவான எஞ்சின்தான் நல்லது. ரேபோ (எஞ்சினுக்குக் காற்றை அமுக்கி ஊட்டிப் பலம் கூட்டும் சக்கரம்) இல்லாத பழைய டீசல் எஞ்சின்களைத் தேடுங்கள். ரொயோட்டா ஹைலக்ஸில் 3எல் என்ற 2779 சிசி எஞ்சினும் 5எல் என்ற 2986 சிசி எஞ்சினும் அப்படியானவை. நிசானில் டிடி27, அதாவது 2663 சிசி. இவை இழுக்கும், பாயாது. முந்துவதற்கு இடம் போதாது என்று பிள்ளையே பின்வாங்கிவிடுவான். எந்த ஊரிலும் திருத்த ஆள் உண்டு, சாமானும் கிடைக்கும்.

ஹைலக்ஸின் எல் வகை எஞ்சின்களுக்கு டைமிங் பெல்ட் இருக்கிறது. ஒரு இலட்சம் கிலோமீற்றருக்கு ஒருக்கால் மாற்ற வேண்டும். எப்போது மாற்றினது என்று விற்பவர் காட்ட முடியாவிட்டால், வாங்கின கிழமையே மாற்றிவிடுங்கள். ஓடும்போது அறுந்தால் வால்வு பிஸ்ரனில் அடித்து எஞ்சின் முழுக்கப் பிரிக்க வேண்டி வரும். டிடி27 இல் பெல்ட் கிடையாது, கியர்ச் சக்கரங்கள்தான், அந்தப் பயம் இல்லை.

2005க்குப் பிந்திய ஹைலக்ஸ், மிற்சுபிசி எல்200, நிசான் நவாரா எல்லாம் அருமையான வண்டிகள். ஆனால் டீசலை மிகக் கூடிய அழுத்தத்தில் தெளிக்கும் கொமன் ரெயில் எஞ்சின் என்றால் இன்ஜெக்ரர் நாலும் போனால் வரும் செலவு ஒரு போக வருமானத்தைத் தின்னும். டீசலில் தண்ணீர் கலந்தாலே அவை தாங்காது. கானில் டீசல் வாங்கி வயலில் ஊற்றும் பழக்கமுள்ள வீட்டுக்கு அது சரிவராது. அதோடு, ரேபோ அடித்தால் அந்த வண்டிகள் பாயும். பிள்ளைக்கு இரண்டு வருடம் கழித்துப் பார்க்கலாம்.

டிமோ பட்டா போதாதா?

பலருக்குப் போதும். டாட்டா ஏஸைத்தான் இங்கே பட்டா என்கிறோம். 702 சிசி, இரண்டு சிலிண்டர், மெல்ல ஓடும், டீசல் குறையக் குடிக்கும். அதன் சுமை முக்கால் தொன். காய்ந்த நெல் மூடை ஒன்று 65, 70 கிலோ வரும், ஆகவே பத்து மூடை, மூடை சிறிதென்றால் பதினொன்று. அதோடு நிற்பாட்டுவீர்கள் என்றால் எடுங்கள். அறுவடை நேரத்தில் இருபதை அடுக்குவோம் என்றால் வேண்டாம். முன்சில்லு நிலத்தில் பிடியாமல் ஸ்ரேறிங் காற்றில் ஆடும் பட்டாக்களை மாசி மாதத்தில் நான் ரோட்டில் நாளாந்தம் பார்க்கிறேன். ஓடுகிறவன் பழகின ஆளென்றால்கூட எனக்குக் கை கூசும்.

வண்டி பார்க்கப் போனால் முதலில் எதைப் பார்ப்பது?

சசியை, அதாவது வண்டி முழுவதையும் தாங்கும் அடி இரும்புச் சட்டத்தை. எஞ்சினை அல்ல. எஞ்சின் போனால் மாற்றலாம். சசி போனால் வண்டியே போச்சு.

2014 இல் என் அக்காவின் மகன் புறோக்கர் ஒருவர் மூலம் ஒரு பிக்கப் எடுத்தான். நான் அப்போது வேலையாக வெளியூரில் நின்றேன். "மாமா, எஞ்சின் மணி மாதிரி" என்று போனில் சொன்னான், நானும் சரி என்றேன். அந்தச் "சரி" இன்றைக்கும் எனக்கு முள்ளாகக் குத்துகிறது. அடிப்பக்கம் முழுக்கப் புதுக் கறுப்புப் பெயின்ற் அடித்திருந்தார்கள். ஓட்டுநர் அறைக்குப் பின்னால், பெட்டி தொடங்கும் இடத்தில் சசி உக்கி வெடித்ததை ஒரு தகட்டை வைத்து ஒட்டி, அதன் மேல்தான் அந்தக் கறுப்பு. மூன்றாம் மாதம் ஒட்டுசுட்டான் பக்கம் ஒரு மதகில், பதினெட்டு மூடை நெல்லோடு, வண்டி நடுவால் மடிந்தது. மூடைகளுக்கு மேலே அவனுடைய சித்தப்பா மகன் இருந்திருக்கிறான். தொடை எலும்பு முறிந்து எட்டு மாதம். இப்போது நடக்கிறான், மாரியில் கால் கடுக்கிறது என்பான்.

ஆகவே இப்படிச் செய்யுங்கள். ஒரு பெரிய ஸ்பானரை எடுத்துக்கொண்டு வண்டிக்குக் கீழே படுங்கள். சாக்கு ஒன்று விரித்தால் போதும். முன்னிருந்து பின்வரை இரண்டு பக்கச் சட்டத்தையும் சாணுக்குச் சாண் தட்டிக்கொண்டு போங்கள். நல்ல இரும்பு கணீர் என்று சொல்லும். உக்கினது மொத்தென்று சொல்லும், சில இடத்தில் உள்ளே துரு கொட்டும் சத்தம் கேட்கும். காது கூர்மையாக இருக்க வேண்டியதில்லை, வித்தியாசம் யாருக்கும் தெரியும். ஓட்டுநர் அறை முடியும் இடத்துக்கு வந்ததும் இன்னும் நெருக்கமாகத் தட்டுங்கள். பின்வில்லு பிடிக்கும் இடங்களிலும் அப்படியே. புதுக் கறுப்புப் பெயின்ற் இருந்தால் கொஞ்சம் சுரண்டிப் பார்க்கக் கேளுங்கள். வேண்டாம் என்றால் எழுந்து, உடுப்பைத் தட்டிக்கொண்டு வீட்டுக்கு வாருங்கள்.

முல்லைத்தீவு, நாயாறு, மன்னார்க் கரைகளில் மீன் ஏற்றின வண்டி என்றால் இரட்டிப்புக் கவனம் வேண்டும். ஐஸ் உருகின உப்புத் தண்ணீர் பெட்டியிலிருந்து சொட்டிச் சொட்டிச் சசிக்குள் இறங்கியிருக்கும். எத்தனை தரம் கழுவினாலும் பெட்டி மூலைகளில் மீன் வெடில் நிற்கும், மூக்கை வைத்துப் பாருங்கள்.

பிறேக் பிடிக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது?

எல்லாரும் மிதித்துப் பார்ப்பார்கள், நிற்கும், சரி என்பார்கள். அது போதாது. வெறும் கிரவல் ரோட்டில், ஆளில்லாத இடத்தில், 30 இல் ஓடிப் பலமாக மிதியுங்கள். இறங்கிப் போய்ச் சில்லு இழுபட்ட தடத்தைப் பாருங்கள். ஒரு பக்கத் தடம் மட்டும் நீளமா? மற்றப் பக்கம் வேலை செய்யவில்லை. பின்சில்லுத் தடம் முன்சில்லைவிட நீளமா? அங்கேதான் ஆபத்து.

காரணத்தைச் சொல்கிறேன். பல பிக்கப்களில் பின் அச்சிலிருந்து ஒரு கம்பி மேலே போய் ஒரு சின்ன வால்வைத் தொடும். சுமை ஏறினால் வண்டி தாழும், கம்பி வால்வைத் தள்ளும், பின்பிறேக்குக்கு அழுத்தம் கூடும். சுமை இறங்கினால் குறையும். வெறும் வண்டியில் பின்சில்லு பூட்டிக்கொள்ளாமல் இருக்கச் செய்த அருமையான ஏற்பாடு அது. இங்கே அந்த வால்வு ஒழுகத் தொடங்கியதும் கழற்றிவிட்டுக் குழாயை நேரே கொடுத்துவிடுவார்கள், கம்பி சும்மா தொங்கும், இல்லாவிட்டால் கம்பியே இருக்காது. பழகின ஓட்டுநர் காலால் சமாளிப்பார். உங்கள் பிள்ளை முதல் மழையில் சுழன்று நிற்பான். கீழே படுத்திருக்கும்போதே அந்தக் கம்பியைத் தேடுங்கள். இல்லாவிட்டால் புது வால்வு போடும் செலவை விலையில் கழியுங்கள், கழித்த காசுக்கு வால்வைப் போட்டேவிடுங்கள்.

எஞ்சினில் என்ன பார்ப்பது?

போய் இறங்கினதும் பொனற்றில் கையை வையுங்கள். சூடாக இருந்தால் நீங்கள் வருமுன் ஸ்ரார்ட் பண்ணி வைத்திருக்கிறார்கள். குளிரட்டும் என்று இருந்து கச்சான் கொறியுங்கள். குளிர்ந்த எஞ்சின்தான் உண்மை பேசும். நீலப் புகை தொடர்ந்து வந்தால் ஒயில் எரிகிறது. வெள்ளைப் புகை சூடேறின பிறகும் நின்றால், றேடியேற்றரில் தண்ணீரும் குறைந்தால், எஞ்சின் ஹெட்டில் பிழை. எஞ்சின் ஓடும்போதே ஒயில் மூடியைக் கழற்றி மேலே வையுங்கள், மூடி துள்ளினால் பிஸ்ரன் ரிங் தேய்ந்திருக்கிறது.

மண்ணெண்ணெய் கலந்து ஓடின வண்டி என்று எப்படித் தெரியும்?

நல்ல கேள்வி, எங்கள் பகுதிக்கே உரிய கேள்வி. போர்க்கால எரிபொருள் தடையின்போது வன்னியில் மண்ணெண்ணெயில் ஓடாத வாகனம் எது? அது வயிற்றுப்பாடு, யாரையும் குறை சொல்ல முடியாது. ஆனால் பிறகும் விலை மலிவென்று பலர் கலந்தார்கள். 2022 ஆவணியில் மண்ணெண்ணெய் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயானதும்தான் அது அடங்கியது. டீசலில் இருக்கும் எண்ணெய்ப் பசை மண்ணெண்ணெயில் இல்லை. டீசல் பம்ப் அந்தப் பசையில்தான் வழுக்கி ஓடுகிறது. பசையில்லாமல் ஓடினால் உள்ளே தேயும்.

சோதனை எளிது. வண்டியை ஓடி நன்றாகச் சூடாக்கி, நிற்பாட்டி, இருபது நிமிடம் விடுங்கள். பிறகு ஸ்ரார்ட் பண்ணுங்கள். குளிரில் ஒரே அடியில் பிடித்த வண்டி, சூட்டில் நெடுநேரம் சுற்றியும் பிடிக்க மறுத்தால் பம்ப் தேய்ந்துவிட்டது. பம்புக்கு ஈரத்துணி போட்டுக் குளிர வைத்ததும் பிடித்தால் சந்தேகமே வேண்டாம்.

வெள்ளத்தில் நின்ற வண்டியை எப்படி அறிவது?

2018 மார்கழியில் இரணைமடுக் குளம் திறந்த வெள்ளமும் 2025 கார்த்திகையில் டித்வா புயல் வெள்ளமும் பல வாகனங்களைக் குளிப்பாட்டின. சீற்றுப் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள். வெளியே தெரியும் பகுதியைக் கழுவுவார்கள், சுருளுக்குள் இருக்கும் கடைசி முழத்தில் சேற்றுக் கோடு நிற்கும். சீற்றுக்குக் கீழுள்ள கம்பிகளில் துருவும், டாஷ் பலகைக்குப் பின்னால் வயர்களில் பச்சைப் பூஞ்சும் இருந்தால் விடுங்கள். பெல்ட்டை இழுக்கும்போதே அது பூட்டுகிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். வெட்டியெறிந்த பெல்ட்டுகளோடு நிற்கும் பிக்கப்கள் ஏராளம். பெல்ட் இல்லாமல் பிள்ளைக்குத் திறப்பைக் கொடுக்க வேண்டாம்.

கிலோமீற்றர் மீற்றரை நம்பலாமா?

இல்லை. கிளச் மிதியின் றப்பரையும் ஸ்ரேறிங் வளையத்தையும் நம்புங்கள்.

ரயர்?

ரயரின் பக்கத்தில் நாலு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019 ஆம் ஆண்டின் 23 ஆவது கிழமை செய்தது. பூ நிறைய இருந்தாலும் ஏழெட்டு வருடம் வெயிலில் கிடந்த றப்பர் கல்லாகிவிடும். டக் அடித்த ரயர், அதாவது தேய்ந்ததற்கு மேல் புதுப் பூ ஒட்டின ரயர், முன்னுக்கு ஒருபோதும் வேண்டாம். ஸ்பெயார் ரயரையும் ஜக்கையும் கையால் தொட்டுப் பாருங்கள். பிள்ளை ஒருமுறையாவது தனியாகச் சில்லு மாற்றிக் காட்டிய பிறகுதான் தூரம் போகலாம் என்று சட்டம் வையுங்கள்.

ஓபின் பேப்பரில் வாங்கலாமா? விலை குறைவாக வருகிறது.

வேண்டாம். ஓபின் பேப்பர் என்றால் பதிவுச் சொந்தக்காரர் எப்போதோ கையெழுத்து வைத்த மாற்றுப் படிவம், வாங்குபவர் பெயர் எழுதாமல் கை மாறிக் கை மாறி வருகிறது. சட்டப்படி வண்டி இன்னும் அவருடையது. அவர் இறந்திருக்கலாம், வெளிநாடு போயிருக்கலாம், அவர் மேல் வழக்கு இருக்கலாம். நீங்கள் கொடுத்த காசுக்கு உங்கள் கையில் இருப்பது ஒரு தாள்.

புத்தகத்தில் உள்ள பெயர்க்காரரை நேரில் பாருங்கள், அடையாள அட்டையைப் பாருங்கள். பெயர் மாற்றும் எம்.டி.ஏ. 6 படிவத்தை உங்கள் பெயரோடு நிரப்பி, உங்கள் முன்னாலேயே கையெழுத்து வாங்குங்கள். சசி இலக்கத்தையும் எஞ்சின் இலக்கத்தையும் புத்தகத்தோடு ஒவ்வோர் எழுத்தாகப் பாருங்கள். இங்கே எஞ்சின் மாற்றின வண்டிகள் அதிகம், மாற்றினதை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிந்தவை குறைவு. லீசிங் கம்பனியின் பெயர் புத்தகத்தில் சொந்தக்காரராக இருந்தால், கடன் முடிந்த கடிதமும் பெயர் நீக்கமும் இல்லாமல் ஒரு சதமும் கொடுக்க வேண்டாம். "அடுத்த மாதம் எடுத்துத் தாறன்" என்ற பேச்சு காசு கை மாறும்வரைதான்.

லொறியாகப் பதிந்ததா, ஆளும் சாமானும் ஏற்றும் இரட்டைப் பாவனை வாகனமாகப் பதிந்ததா என்றும் பாருங்கள். லொறி என்றால் வருடாவருடம் வரிப் பத்திரம் எடுக்கப் புகைச் சான்றிதழோடு தகுதிச் சான்றிதழும் வேண்டும். அந்தச் செலவும் அலைச்சலும் உங்களுக்குத்தான்.

யாருடைய பெயரில் எழுதுவது என்றும் கேட்கிறார்கள். காசு கட்டுகிறவர் பெயரில் எழுதுங்கள். இன்சூரன்ஸ் போடும்போது மட்டும், ஓடுகிறவர் புது லைசென்ஸ்காரர் என்பதைச் சொல்லுங்கள். விபத்தில் உங்கள் கையிலிருந்து எவ்வளவு போக வேண்டும் என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள்.

வழக்கில் அகப்பட்ட வண்டி என்று சொல்கிறார்களே, அது என்ன?

முதிரை, பாலை மரம் ஏற்றியோ களவாக மணல் ஏற்றியோ பிடிபட்ட வாகனங்கள். வழக்கு முடியுமுன் நீதிமன்றம் பிணையில் சொந்தக்காரரிடம் விட்டிருக்கும். அதை விற்க அவருக்கு உரிமையில்லை. விலை ஏன் இவ்வளவு குறைவு என்ற கேள்விக்கு நேரான பதில் வராவிட்டால் இதையும் சந்தேகியுங்கள்.

பிள்ளையோடு இதைப் பேசியும் வையுங்கள். பிக்கப் ஓடும் பெடியனிடம் யாராவது ஒருநாள் வருவார்கள். "இரவு ஒரு லோட் தம்பி, ஒன்றுமில்லை, கொஞ்சம் பலகை." ஒரு இரவுக் கூலி அவன் ஒரு மாதத்தில் காணாத காசாக இருக்கும். வனக் கட்டளைச் சட்டப்படி அந்த மரம் ஏற்றின வாகனமே பறிமுதலாகலாம். அது நடக்காமலிருக்கத் தான் எல்லா முன்னெச்சரிக்கையும் எடுத்ததாகச் சொந்தக்காரர் நிரூபிக்க வேண்டும். அம்மாவின் பெயரில் வண்டி இருந்தால் அம்மா நீதிமன்றத்தில் நிற்பா. இதைப் பிள்ளைக்கு இப்படியே, பெயர் சொல்லிச் சொல்லுங்கள்: "கூண்டில நிக்கப் போறது நானடா."

ஓடப் போவது மகள். வேறு மாதிரிப் பார்க்க வேண்டுமா?

புதுக்குடியிருப்பிலிருந்து ஓர் அம்மா கேட்டது. கணவர் இல்லை, இரண்டு பெண் பிள்ளைகள், பால் சேகரித்துக் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை. மூத்தவளுக்கு அப்போதுதான் 18 முடிந்திருந்தது. எனக்கு அவர்களை நன்றாக நினைவிருக்கிறது. விற்பவர் முழுநேரமும் என்னோடு மட்டுமே பேசினார், ஓடப் போகிறவள் பக்கத்தில் நின்றாள்.

அவளைச் சீற்றில் ஏற்றினேன். கிளச்சை முழுக்க மிதிக்கும்போது முதுகு சாய்விலிருந்து கழன்று முன்னுக்கு வந்தது. சீற்றுத் தண்டவாளம் துருப்பிடித்து இறுகியிருந்தது, நகரவில்லை. விற்பவர், "ஒரு தலையணை வைச்சால் சரி" என்றார். சரியில்லை. பிறேக் அடிக்கும் நேரத்தில் தலையணை வழுக்கும், கால் எட்டாது. தண்டவாளத்தைக் கழற்றி, துரு எடுத்து, கிறீஸ் போட்டதும் நாலு விரல் முன்னுக்கு வந்தது, கால் எட்டியது. அரை நாள் வேலை. பவர் ஸ்ரேறிங் உள்ள வண்டியாகவே எடுத்தார்கள், பால் கான்களோடு ஒழுங்கைக்குள் திருப்ப அது வேண்டும். இந்தச் சீற்றுச் சோதனை ஆண் பிள்ளைக்கும் பொருந்தும், உயரம் குறைந்த பெடியன்கள் தலையணையைக்கூடச் சொல்லாமல் எட்டி எட்டி ஓடுவார்கள். மகளென்று கூடுதலாக நான் சொன்னது ஒன்றுதான்: விலை பேசும்போது அவளையே பேச விடுங்கள். நாளைக்குக் கராச்சில் நின்று கேள்வி கேட்கப் போவதும் அவள்தான். இன்றைக்கு அவள் என்னிடம் பில்லை வரிவரியாகக் கேட்டுத்தான் காசு தருவாள்.

ஏ9 இல் இரவில் ஓட விடலாமா?

முதல் ஆறு மாதம் வேண்டாம். அந்த ரோட்டில் ஓமந்தையிலிருந்து பரந்தன்வரை பகலில் ஓடுவது ஒன்று, இரவில் ஓடுவது வேறு. பகற்சூடு தங்கியிருக்கும் தாரில் மாடுகள் வந்து படுக்கும். கறுப்பு மாடு, கறுப்புத் தார், எதிரே பஸ்ஸின் ஹைபீம். 70 இல் போகும் வண்டி ஒரு செக்கனுக்கு 19 மீற்றர் ஓடுகிறது. கண் கண்டு கால் பிறேக்குக்குப் போக ஒன்றரைச் செக்கன் பிடித்தால் 29 மீற்றர் போய்விட்டது, இன்னும் பிறேக்கே பிடிக்கவில்லை. பழைய பிக்கப்பின் மஞ்சள் விளக்கு எவ்வளவு தூரம் காட்டும் என்று ஓரிரவு வீட்டு வாசலிலேயே அளந்து பாருங்கள். கண்ணாடி மங்கின விளக்குகளை மாற்றுங்கள்.

ரயில் கடவைகளையும் சொல்லாமல் விட முடியாது. 2013 இல் கிளிநொச்சிக்கு ரயில் திரும்பி வந்ததைக் கண்ணீரோடு பார்த்தவன் நான். ஆனால் உள்ரோடுகள் தண்டவாளத்தைக் கடக்கும் இடமெல்லாம் காவலாளி இல்லை. டீசல் எஞ்சின் இரைச்சலில், பாட்டும் போட்டிருந்தால், ஹோர்ன் கேட்காது. கடவைக்கு முன் நிற்பாட்டு, கண்ணாடியை இறக்கு, பாட்டை நிறுத்து, இரண்டு பக்கமும் பார். பிள்ளையின் பக்கத்தில் இருந்து பத்துத் தரம் செய்ய வையுங்கள், பழகிவிடும்.

போர் வீல் அவசியமா?

நாலு சில்லையும் எஞ்சின் சுழற்றும் ஏற்பாடு அது. மாரியில் வயல் வரம்புவரை போகிறவர்களுக்கு உதவும். மற்றவர்களுக்குத் தேய்மானம் மட்டும். வாங்கினால் நெம்பைப் போட்டுப் பத்து மீற்றர் ஓடிப் பாருங்கள், பல வண்டிகளில் அது துருப்பிடித்து இறுகிக் கிடக்கும். போர் வீல் இருக்கிறதென்று பிள்ளை காட்டுப் பாதைக்குள் இறக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். முகமாலைப் பக்கம் போல இன்னும் மிதிவெடி அகற்றும் இடங்கள் இருக்கின்றன. சிவப்பு மண்டையோட்டுப் பலகை கண்டால் வந்த தடத்திலேயே பின்னுக்கு எடுக்க வேண்டும், திருப்பக் கூடாது.

கையில் உள்ள காசு முழுவதையும் வண்டிக்குக் கொடுக்கலாமா?

கூடாது. 2020 பங்குனியில் வாகன இறக்குமதியை நிறுத்தி 2025 மாசியில்தான் திரும்பத் திறந்தார்கள். அந்த இடைவெளியில் பழைய இரும்புக்கும் தங்க விலை வந்தது, இன்னும் முழுக்க இறங்கவில்லை. ஆகவே நூறு ரூபாய் இருந்தால் எண்பதுக்கு வண்டி பாருங்கள். மிச்சத்தில் பிறேக், ரயர், பெல்ட், ஒயில், பெயர் மாற்றம், இன்சூரன்ஸ். வெளிநாட்டில் இருக்கும் மாமா காசு அனுப்புகிறார் என்றால் அவரிடமும் இதைச் சொல்லுங்கள். அவருக்கு அனுப்பும் படத்தில் வண்டியின் முகத்தோடு சசியின் படமும் இருக்கட்டும்.

வாங்கியாயிற்று. முதலில் என்ன செய்வது?

எல்லாரையும் போல முறிகண்டிப் பிள்ளையாரிடம் போய்த் தேங்காய் உடையுங்கள். பிள்ளை ஓடட்டும், நீங்கள் பக்கத்தில் இருங்கள், பின்பெட்டி வெறுமையாகவே இருக்கட்டும். வெறும் வண்டியின் குணத்தை அவன் அன்றைக்கு அறிந்துகொள்ளட்டும். அடுத்த கிழமை ஐந்து மூடை, அதற்கடுத்த கிழமை பத்து. கோயிலடியில் கச்சான் வாங்கினதும் சில்லு நட்டுகளைச் சாவி போட்டு இறுக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். புதிதாகக் கழற்றிப் பூட்டின சில்லு ஐம்பது கிலோமீற்றர் ஓடினதும் நட்டு கொஞ்சம் இளகும். அவனே குந்தியிருந்து நாலு சில்லையும் சுற்றி வரட்டும். கால்வாசித் திருப்பம் இறுகினால் வியப்படைய வேண்டாம், அது வழமை.